எட்டு வாரமா, ஒரு செமஸ்டரா? பெங்களூரில் பாலிஹவுஸ், உள்ளரங்குப் பயிர் ஆய்வுப் பயிற்சிக்கு எங்கே போவது

பி.எஸ்சி. வேளாண்மையோ தோட்டக்கலையோ தாவரவியலோ, எது படித்தாலும் சரி, பாலிஹவுஸ் என்னும் பாலிதீன் பசுமைக்குடிலிலோ உள்ளரங்கு விவசாயத்திலோ ஆய்வுப் பயிற்சி தேடுகிறேன் என்று சொன்னதும் வீட்டில் கேட்பது, "எது பெரிய இடம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: கையில் எத்தனை வாரம் இருக்கிறது?

பயிர் யாருடைய செமஸ்டருக்காகவும் அவசரப்படாது. குடைமிளகாய் நட்டால் முதல் பச்சைக்காய் பறிக்க எண்பது நாளை ஒட்டி ஆகும்; அது சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாற இன்னும் இரண்டு மூன்று வாரம்; பயிர் முழுதாக முடிய ஒன்பது பத்து மாதம். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் பாலிஹவுஸ் வெள்ளரி நட்ட நாற்பதாவது நாளை ஒட்டிப் பறிப்புக்கு வரும், நூறு நாளில் முடியும். லெட்டூஸுக்கு நாற்றங்காலில் இரண்டு வாரம், நட்ட பிறகு நான்கைந்து வாரம். மைக்ரோகிரீன் எட்டிலிருந்து பன்னிரண்டு நாள். எட்டு வார விடுமுறையை வைத்துக்கொண்டு குடைமிளகாய் மகசூல் ஆய்வு என்று கிளம்பினால், பூ உதிர்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மகசூல் எழுத வேண்டிய கட்டம் காலியாகவே இருக்கும்.

பெங்களூரிலிருந்து போய்வரக்கூடிய வழிகள் நான்கு: ஹெசரகட்டா (தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம்), ஜி.கே.வி.கே. (வேளாண் பல்கலைக்கழக வளாகம்) போன்ற இடங்களின் பாலிஹவுஸ், சொந்தக் கல்லூரி ஆய்வகத்திலேயே எல்.இ.டி. விளக்கு மாட்டிய ஒரு அடுக்குத் தட்டு (ரேக்), நகரத்திலுள்ள உள்ளரங்குப் பண்ணை நிறுவனம், ஓசூர், தளி வட்டார விவசாயிகளின் பாலிஹவுஸ்கள். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எட்டு வாரம்தான் என்றால் ரேக். நான்கு மாதத்துக்கு மேல் என்றால் ஆராய்ச்சி நிலையத்தின் பாலிஹவுஸ். சனி, ஞாயிறு மட்டுமே கிடைக்கும் என்றால் ஓசூர். நிறுவனம் வேலை கற்க நல்ல இடம்; ஆய்வு செய்ய அல்ல.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழும் அமெரிக்க ஆர்.இ.யு. (இளநிலை மாணவர்களுக்கான ஆய்வு அனுபவம்) பயிற்சிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் நடப்பவை அவை. உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்கும்தான். நம் ஊரில் அதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து தரும் இரண்டு மாதக் கோடைகால ஆய்வு நல்கை. அதை நடத்தும் இந்திய அறிவியல் அகாதெமி இருப்பதே பெங்களூரில்தான். விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டு நவம்பரில் முடிந்துவிடும். மார்ச்சில் நினைவு வந்து பயனில்லை. கர்நாடகத்தில் 2024–25 முதல் பொதுப் பட்டப்படிப்பு மறுபடி மூன்றாண்டாகிவிட்டதால், நான்காம் ஆண்டில் ஆய்வு என்று தள்ளிப்போடவும் பலருக்கு இடமில்லை. வேளாண்மை, தோட்டக்கலை மாணவர்களின் நிலை வேறு. அவர்களுடைய நான்காம் ஆண்டிலேயே ஸ்டூடண்ட் ரெடி திட்டம் இருக்கிறது. செய்முறைப் பயிற்சிக்கு ஒரு செமஸ்டர் கிடைக்கிறது.

ரெப்ளிகேஷன் என்ற முட்டுக்கட்டை

இடங்களை ஒப்பிடும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு மாறுபாடும் ஒரு ட்ரீட்மென்ட்; அதை எத்தனை தனி அலகில் திரும்பச் செய்கிறோம் என்பதுதான் ரெப்ளிகேஷன். இளநிலை மாணவர்களின் அறிக்கைகளில் பெரும்பாலானவை விழுவது இந்த இடத்தில்தான்.

சிவப்பு விளக்கின் கீழ் ஒரு தட்டு, வெள்ளை விளக்கின் கீழ் ஒரு தட்டு, ஒவ்வொன்றிலும் முப்பது லெட்டூஸ். முப்பது செடியை அளந்ததால் முப்பது ரெப்ளிகேஷன் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரே ஒரு ரெப்ளிகேஷன்தான். மேல் தட்டு இரண்டு டிகிரி சூடாக இருந்து அதனால் செடி வளர்ந்ததா, விளக்கால் வளர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ட்ரீட்மென்ட்டை எந்த அலகுக்குக் கொடுக்கிறோமோ அந்த அலகைத்தான் எண்ண வேண்டும்: விளக்கென்றால் தட்டு, உரக்கரைசல் என்றால் டப், பாலிதீன் உறை என்றால் பாலிஹவுஸ் முழுவதும்.

ஒரே சூழலுள்ள அலகுகளைச் சேர்த்து, எல்லா ட்ரீட்மென்ட்டும் அதில் ஒருமுறை வரும்படி வைப்பதுதான் பிளாக். இந்த முறையில் பிழைக்கான சுதந்திர எண் (தற்செயல் வேறுபாட்டை மதிப்பிட எவ்வளவு தகவல் மிஞ்சுகிறது என்பதைக் காட்டும் எண்) பன்னிரண்டுக்குக் குறையக்கூடாது என்பது வேளாண் புள்ளியியலில் பழைய கைக்கணக்கு. நான்கு ட்ரீட்மென்ட், ஐந்து பிளாக் என்றால் இரண்டிலும் ஒவ்வொன்றைக் கழித்து, மூன்றை நான்கால் பெருக்கிப் பன்னிரண்டு, சரியாக நிற்கும். அதே நான்கை மூன்று பிளாக்கில் வைத்தால் ஆறுதான். பெரிய வித்தியாசம் இருந்தாலும் "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று வரும். ஆகவே எந்த இடத்துக்குப் போனாலும் கேட்க வேண்டியது, "என் ட்ரீட்மென்ட்டுக்கு எத்தனை தனி அலகு தருவீர்கள்?" என்பதுதான். பதில் "ஒரு பெட்டில் (பாத்தியில்) பாதி" என்று வந்தால் அங்கே கற்றுக்கொள்ளப் போகலாம். ஆய்வுக்கு அந்த இடம் பற்றாது.

எல்.இ.டி. ரேக்: எட்டு வாரத்துக்குள் இரண்டு சுற்று

பார்க்க எளிமையான வழி. ஆனால் கணக்கு சரியாகப் போட்டால் மற்ற மூன்றையும்விட உறுதியான தரவு இதில்தான் கிடைக்கும்.

நான்கடி நீளம், இரண்டடி அகலம், நான்கு தட்டுள்ள ஸ்லாட்டட் ஆங்கிள் (துளையிட்ட இரும்புச் சட்டம்) ரேக் ஒன்று. தட்டின் பரப்பு ஏறத்தாழ முக்கால் சதுர மீட்டர். லெட்டூஸுக்கு ஒளிச்செறிவு சதுர மீட்டருக்கு வினாடிக்கு 200 மைக்ரோமோல் (செடியில் விழும் ஒளித்துகள்களின் அளவு), நாளுக்கு 16 மணி நேரம் கொடுத்தால் நாளொன்றுக்கு 11.5 மோல் வரும். இளம் இலை லெட்டூஸுக்குப் போதும். கடையில் கிடைக்கும் 20 வாட், நான்கடி வெள்ளை எல்.இ.டி. டியூப் வாட்டுக்கு 100 லூமென் தருவதாக வைத்துக்கொண்டால், ஒரு டியூபிலிருந்து 28 மைக்ரோமோல் போல வரும். பக்கவாட்டில் சிதறுவதைக் கழித்துப் பார்த்தால் தட்டுக்கு ஏழு டியூப் வேண்டும். மூன்று டியூப் மாட்டிவிட்டு, "கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது" என்று விடுவதுதான் வழக்கமான தவறு. செடி வெளிறி, தண்டு நீண்டு, சாய்ந்து விழும்.

நான்கு தட்டுக்கு 28 டியூப், 560 வாட். பதினாறு மணி நேரத்துக்கு நாளுக்கு ஒன்பது யூனிட், 54 நாளுக்கு ஏறக்குறைய 480 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று போட்டால் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. துறைத் தலைவரிடம் அனுமதி கேட்கப் போகும்போது இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள், "மின்கட்டணம் எவ்வளவு ஆகும்?" என்பதுதான் அங்கே முதலில் வரும்.

இப்போது ரெப்ளிகேஷன். விளக்கின் நிறத்தை ட்ரீட்மென்ட்டாக வைத்தால் நான்கு தட்டும் நான்கு அலகுதான்; இரண்டு சுற்று ஓட்டினாலும் எட்டு. போதாது. உரக்கரைசலை ட்ரீட்மென்ட்டாக மாற்றுங்கள். தட்டுக்கு நான்கு டப், ஒவ்வொரு டப்பும் 60க்கு 30 செ.மீ., 15 செ.மீ. இடைவெளியில் எட்டுச் செடி. நான்கு உரச்செறிவு, ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) கணக்கில்: 0.8, 1.2, 1.6, 2.0. ஒவ்வொரு தட்டும் ஒரு பிளாக். எந்த டப் எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். இரண்டு சுற்றில் எட்டு பிளாக், பிழைக்கான சுதந்திர எண் 21. அதே ரேக், அதே மின்சாரம். கேள்வியை மாற்றியதால் ஆய்வு நிமிர்ந்துவிட்டது.

டப்பில் 20 லிட்டர் என்றால் ஒரு தட்டின் மேல் 80 கிலோ. ரேக் வாங்கும்போது தட்டு எவ்வளவு தாங்கும் என்று கேட்காமல் வாங்கி, பத்தாம் நாள் நடுவில் தொய்ந்து தண்ணீர் ஒருபக்கம் ஓடுவது நடக்கும். குறுக்கே ஒரு ஆங்கிள் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். டப் கறுப்பாக இருக்க வேண்டும், அல்லது கறுப்புத் தாள் சுற்ற வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடித்து உரத்தை அது தின்னும். டப்புக்கு ஒரு ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழ் விடும் கல்). கரைசல் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. "ஒரே பம்ப், ஒரே தொட்டி, நான்கு ட்ரீட்மென்ட்" என்பது சாத்தியமில்லை.

பெங்களூருக்கே உரிய ஒரு சிக்கல், பலர் கவனிப்பதில்லை. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம்; காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. 20 டிகிரியில் தண்ணீர் கடலோரத்தில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்திருக்கும், இங்கே 8.2 போலத்தான். கரைசல் 28 டிகிரிக்குச் சூடானால் 7 அளவுக்கு இறங்கும். வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று கழன்று வந்தால் பித்தியம் அழுகல். சூடும் ஆக்ஸிஜன் குறைவும் சேர்ந்தால் அது வேகமாகப் பரவும். கரைசலை 18லிருந்து 24 டிகிரிக்குள் வைக்கப் பாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் இதற்கு எளிய வழி, விளக்கு எரியும் பதினாறு மணி நேரத்தை மாலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை பத்துக்கு முடிப்பது. வெயில் ஏறும் நேரத்தில் டியூபின் சூடும் சேராது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. காவிரிக் குழாய்த் தண்ணீரில் உப்பு குறைவு. போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் மிகுதி, காலையில் 5.8க்கு இறக்கிய பி.எச். மாலைக்குள் 7ஐத் தாண்டிவிடும். புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு கிடைக்கவில்லை என்று பொருள். உரத்தில் இரும்பைக் கரைசலில் பிடித்து வைப்பது ஈ.டி.டி.ஏ. என்றால் பி.எச். 6.5க்கு மேல் அது பிடி தளர்ந்துவிடும், டி.டி.பி.ஏ. இன்னும் கொஞ்சம் தாங்கும். போர்வெல்தான் வழி என்றால் முதல் நாளே தண்ணீரின் ஈ.சி.யை அளந்து எழுதுங்கள். அதுவே 0.9 இருந்தால், ஈ.சி. 0.8 என்ற ட்ரீட்மென்ட்டை வைக்கவே முடியாது! ஆர்.ஓ. தண்ணீர் எடுக்க வேண்டும்.

கால்சியம் நைட்ரேட்டை ஒரு கேனிலும், சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும் உள்ள உப்புகளை இன்னொரு கேனிலும் அடர்கரைசலாக வைக்க வேண்டும். இரண்டையும் அடர்நிலையில் சேர்த்தால் அடியில் வெள்ளையாகப் படியும்; அது ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும். கலக்கிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம், அது மறுபடி கரையாது. டப்பில் பாதித் தண்ணீர் ஊற்றி, முதல் கேனிலிருந்து சேர்த்துக் கலக்கி, பிறகு இரண்டாவது.

நாள் கணக்கு இப்படி: விதைப்பு, நீங்கள் சேரும் நாளுக்குப் பதினான்கு நாள் முன்பே நடந்திருக்க வேண்டும். வழிகாட்டியிடமோ மூத்த மாணவரிடமோ சொல்லி 200 குழி விதைக்க வைத்துவிடுங்கள். சேர்ந்த அன்று நடவு, 25ஆம் நாள் இளம் இலையாகவே அறுவடை, இரண்டு நாள் டப் கழுவிக் காயவைக்க, 28ஆம் நாள் இரண்டாம் சுற்று நடவு. இரண்டாம் சுற்றுக்கான விதைப்பு 14ஆம் நாள். அதை மறந்தால் இரண்டாம் சுற்றே இல்லை. லெட்டூஸ் விதை 30 டிகிரிக்கு மேல் தூங்கிவிடும், முளைக்காது. ஏப்ரலில் நாற்றுத்தட்டை முதல் இரண்டு நாள் கட்டடத்தில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். விதைகளை ஆழமாகப் புதைக்கக் கூடாது, அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும்.

உள் இலையின் ஓரம் கருகினால் பூஞ்சை மருந்தைத் தேட வேண்டாம். கரைசலில் கால்சியம் இருக்கும். இலைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கால்சியம் நீராவிப்போக்கின் கூடவேதான் ஏறும். காற்று அசையாத அறையில் மடங்கிய உள் இலை நீரை வெளியேற்றுவதில்லை. இலை லேசாக ஆடும் அளவுக்கு ஒவ்வொரு தட்டிலும் ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

அளவீட்டில் இரண்டு பொறிகள். முதலாவது, கைபேசி லக்ஸ் ஆப். மனிதக் கண்ணுக்கான அளவு அது. வெயிலில் 54 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்குச் சமம், வெள்ளை எல்.இ.டி.யில் எழுபதை ஒட்டி வரும். ஊதா நிற விளக்கிலோ அந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. மைக்ரோமோலை நேரடியாக அளக்கும் குவாண்டம் சென்சார் எந்தத் துறையில் இருக்கிறது என்று கேட்டு ஒரு நாள் இரவல் வாங்கி, ஒவ்வொரு தட்டிலும் பதினைந்து புள்ளியில் அளந்து வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, சுழல் முகப்புள்ள டைமர். மின்வெட்டில் அது நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் அடுத்த நாள் முதல் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

ஹெசரகட்டாவும் ஜி.கே.வி.கே.யும்

1967இல் தொடங்கிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஹெசரகட்டாவில் இருக்கிறது. இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும் அர்கா ரக்ஷக் தக்காளி அங்கே உருவானதுதான். பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண் பல்கலைக்கழகமும், பாகல்கோட் தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தின் பெங்களூர்க் கல்லூரியும் இருக்கின்றன. அல்சூர், லிங்கராஜபுரம் பக்கமிருந்து ஜி.கே.வி.கே. போய்வரலாம். ஹெசரகட்டா என்றால் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். காலை எட்டரைக்கு எடுக்க வேண்டிய அளவை பதினொன்றரைக்கு எடுத்தால் அது வேறு அளவு. இலைத்துளை திறப்பும் இலை வெப்பமும் அதற்குள் மாறிவிடும். அந்தப் பக்கமே தங்க இடம் பார்க்க முடியாவிட்டால் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இங்கே உங்களுக்கென்று தனி ஆய்வு பெரும்பாலும் கிடைக்காது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சோதனையில் ஒரு பகுதி கிடைக்கும். பல மாணவர்கள் இதைக் குறையாக நினைக்கிறார்கள். எங்கள் பார்வையில் இதுதான் அந்த இடத்தின் பலம். பிளாக்குகள் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும், ஓரச் செடிகள் ஒதுக்கப்பட்டிருக்கும், ஓவனும் இலைப் பரப்புமானியும் இருக்கும். முதல் ஆய்வுக்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது. கேள்வி உங்களுடையதாக இல்லையே என்ற வருத்தம் முதுநிலையில் தீரட்டும்.

பெங்களூர் வானிலைக்கு இயற்கைக் காற்றோட்ட பாலிஹவுஸே போதும். டெல்லி மாதிரி விசிறியும் ஈரத்திண்டும் இல்லாமல் பயிர் எடுக்கலாம். ஆனால் கோடை மதியத்தில் உள்ளே 35 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று போனால், காற்றின் நீர்ப்பசி (ஆவியழுத்தப் பற்றாக்குறை) 2.8 கிலோபாஸ்கல் ஆகிவிடும். ரேக் அறையில் 25 டிகிரி, 70 சதவீதத்தில் அது 0.95தான். குடைமிளகாய் பூ உதிர்வதும், இலைப்பேனும் சிலந்திப்பேனும் பெருகுவதும் இந்த மாதங்களில்தான். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை சேர்பவர்களுக்குச் சாம்பல் நோய் வரும். எந்த மாதம் சேர்கிறீர்களோ அந்த மாதத்துக்குரிய கேள்வியை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மே மாதத்தில் சாம்பல் நோய் மருந்துச் சோதனை வைத்தால் நோய்க்காகக் காத்திருந்து விடுமுறை முடியும்.

நான்கைந்து மாதம் கிடைப்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது வேர்முடிச்சு நூற்புழு. பாலிஹவுஸில் மண் பெட்டில் குடைமிளகாய், தக்காளி, வெள்ளரி என்று மாற்றி மாற்றிப் போட்டால் அது பெருகாமல் இருக்காது. வேப்பம்புண்ணாக்கில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை ஏற்றிப் பெட்டில் இடுவது, இடாமல் விடுவது, இரண்டு அளவுகள் என்று வைத்து, பயிர் முடிவில் வேரைக் கிளறி 0 முதல் 5 வரை முடிச்சுக்கு மதிப்பெண் போடலாம். விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரே எச்சரிக்கை: நூற்புழு மண்ணில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். நடவுக்கு முன்பே ஒவ்வொரு பெட்டிலும் மண் மாதிரி எடுத்து எண்ணி, ஒரே அளவுள்ள பெட்டுகளைச் சேர்த்து பிளாக் பிரிக்காவிட்டால் கடைசியில் அளப்பது மருந்தை அல்ல, அந்தத் திட்டுகளை.

கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) சோதனை என்றால் முதலில் கட்டியைக் கழுவ வேண்டும். ஐந்து கிலோ கட்டி ஊறினால் 70 லிட்டர் போல வரும். கழுவிய நீரின் ஈ.சி. 0.5க்குக் கீழே வந்த பிறகும், கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து வடிக்க வேண்டும். நாரில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் அப்போதுதான் வெளியேறும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் கால்சியத்தை நார் பிடித்துக்கொண்டு, காயின் நுனி கறுத்து அழுகும்.

சின்ன விஷயங்கள் இரண்டு. மார்க்கர் பேனாவால் எழுதிய லேபிள் வெயிலில் ஆறு வாரத்தில் மறைந்துவிடும், பென்சிலால் எழுதுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் டி.எச்.டி. 22 சென்சாரை வெயில் படும்படி கட்டினால் அது காட்டுவது காற்றின் வெப்பத்தை அல்ல, தன் உடம்பின் வெப்பத்தை. வெள்ளை மூடிக்குள் வைத்து, பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றால் காற்றை இழுக்க விடுங்கள்.

ஓசூர், தளி: மொழி கைகொடுக்கும் இடம்

ஹெசரகட்டாத் தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கன்னடம் வேண்டும். ஓசூர், பாகலூர், தேன்கனிக்கோட்டை, தளி என்று போனால் விவசாயியிடம் தமிழிலேயே கேட்கலாம், அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளலாம். பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது; அங்கிருந்து அத்திப்பள்ளி வழியாக பஸ். தளியில் இந்தோ–இஸ்ரேல் கொய்மலர் மகத்துவ மையம் இருக்கிறது. அங்கே பார்த்துவிட்டு விவசாயிகளிடம் போனால் பேச்சு எளிதாகத் தொடங்கும்.

இங்கே ட்ரீட்மென்ட் வைக்க முடியாது. வைக்கக் கேட்பதும் நியாயமில்லை. ஒவ்வொரு ரோஜாச் செடியும் அவருக்குப் பணம். ஆனால் வேறெங்கும் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: பாலிஹவுஸே ரெப்ளிகேஷன். 40 மெஷ் பூச்சி வலை (மெஷ் எண் கூடினால் வலைக்கண் சிறியது) போட்டவை ஆறு, 50 மெஷ் வலை போட்டவை ஆறு என்று பன்னிரண்டு குடில்களை எடுத்து, வாரம் ஒருமுறை ஒட்டுப்பொறியில் விழுந்த பூச்சிகளை எண்ணுங்கள். இலைப்பேனுக்கு நீல அட்டை, வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை, செடி உச்சியின் உயரத்தில். செடி வளர வளர அட்டையும் ஏற வேண்டும். 40 மெஷ் இலைப்பேனைத் தடுக்காது என்று எல்லோருக்கும் தெரியும். 50 மெஷ் எவ்வளவு குறைக்கிறது, அதற்கு ஈடாக உள்ளே எத்தனை டிகிரி கூடுகிறது என்பதை எண்ணில் சொன்னால் விவசாயிக்கே பயன்படும். மருந்து அடித்த நாள் குறிப்பையும் அவரிடம் கேட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கை குறைந்தது வலையாலா மருந்தாலா என்று தெரியாது.

மஞ்சள், நீலச் சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது. பூச்சி உங்கள் மேல் உட்கார்ந்து அடுத்த குடிலுக்கு வரும். பூச்சி குறைந்த குடிலில் தொடங்கி, நிறைந்த குடிலில் முடியுங்கள். நேற்று என்ன அடித்தார்கள் என்று கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள். மூடிய குடிலில் மருந்தின் ஆவி வெட்டவெளியைவிட நெடுநேரம் நிற்கும்.

நிறுவனம்

சுருக்கமாகச் சொல்லலாம். உள்ளரங்குப் பண்ணை நிறுவனத்தில் விதைப்பு அட்டவணை, சுத்தம், அறுவடை, பேக்கிங், கடைக்குச் சேர்ப்பது எல்லாம் கற்கலாம். உரக்கரைசலின் அளவைச் சொல்ல மாட்டார்கள். தரவை வெளியிட விட மாட்டார்கள். சேரும் முன்னரே, "இந்தத் தரவை என் கல்லூரி அறிக்கையில் எழுதலாமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி கடைசி வாரத்தில் மாறிவிடும்.

இந்தத் தொழில் நிலையற்றது என்பதும் நினைவில் இருக்கட்டும். அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் 2023இல் திவால் பாதுகாப்பு கேட்டது. பவரி 2024இல் மூடியே விட்டது. காரணத்தைக் கைக்கணக்கிலேயே பார்க்கலாம். சதுர மீட்டருக்கு 100 வாட், 16 மணி நேரம், 30 நாள்: 48 யூனிட். 25 செடி, ஒவ்வொன்றும் 150 கிராம் என்றால் 3.75 கிலோ. விளக்குக்கு மட்டும் கிலோவுக்கு 13 யூனிட் போல, எட்டு ரூபாய் வீதம் நூறு ரூபாய். ஏசி, கூலி, வாடகை தனி. பெங்களூர் மாதிரி ஊரில், கூரைக்கு மேல் வெயில் சும்மா கொட்டும்போது, இந்தக் கணக்கை எந்தப் பயிர் தாங்கும் என்பதே நல்ல இளநிலை ஆய்வுக் கேள்வி. நிறுவனம் தன் மின்கட்டண ரசீதைக் காட்டினால் மட்டும் அங்கே போகலாம் என்று சொல்வோம்.

கடிதம் எழுதும்போது

ஆராய்ச்சியாளருக்கு அனுப்பும் மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை நாள், காலை எத்தனை மணிக்கு வந்து சேர முடியும்; எந்தப் பயிர், எந்தக் கேள்வி, எத்தனை ட்ரீட்மென்ட், எத்தனை பிளாக்; புள்ளியியலில் ஆப்ஸ்டாட் அல்லது ஆர் (R) மென்பொருள் ஓட்டத் தெரியுமா. கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதம் இணைப்பாக. பயிற்சிக் கட்டணம் உண்டா, விடுதி கிடைக்குமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். ஏப்ரல் நடுவில் நடவு என்றால் விதை ஏப்ரல் முதல் நாளுக்குள் தட்டில் விழ வேண்டும். அதற்கு ஒப்புதல் மார்ச் நடுவில் கையில் இருக்க வேண்டும். முதல் மின்னஞ்சல் ஜனவரியில் போயிருக்க வேண்டும். இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் காத்திராமல் ரேக்குக்கு ஆங்கிள் விலை விசாரிக்கத் தொடங்குங்கள்.